குதிரையின் உடற்கூறு: ஒரு நூல் பிறந்த கதை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ என்றொரு சிற்றூர். 1756இல் அங்கே ஒதுக்குப்புறமாக இருந்த பண்ணை வீடு ஒன்றில், வயது முப்பதைத் தாண்டிய ஓவியர் ஒருவர் வந்து குடியேறினார். வீட்டின் ஓர் அறையில், கூரையோடு சேர்த்து இரும்புக் கம்பி ஒன்றைப் பொருத்தினார். கம்பியிலிருந்து சிறிதும் பெரிதுமாகக் கொக்கிகள் தொங்கின. அவற்றுக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை, அதுவும் தொங்கலில். பிறகு செத்த குதிரை ஒன்றை உள்ளே கொண்டுவந்து கப்பி கட்டி மேலே தூக்கினார். விலா எலும்புகளுக்கு இடையே கொக்கிகளை நுழைத்து முதுகெலும்பின் அடியில் மாட்டி, குளம்புகள் பலகையில் பதியும்படி நிறுத்தினார். பார்த்தால், நடந்துகொண்டிருந்த குதிரை சட்டென்று நின்றுவிட்ட தோற்றம். அதன் பிறகு கத்தியை எடுத்தார். கத்தி ஓய்ந்த நேரத்தில் பென்சிலை எடுத்தார்.

இப்படிப் பதினெட்டு மாதங்கள். ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். அந்த வீட்டில் அவர் வரைந்தவைதான் 1766இல் லண்டனில் 'குதிரையின் உடற்கூறு' என்ற நூலாக வந்தன. வெட்டியது, வரைந்தது, விளக்கம் எழுதியது, செப்புத்தகட்டில் கீறியது எல்லாம் ஒரே ஆள். இத்தனைக்கும் அவர் பட்டம் பெற்ற மருத்துவரும் அல்ல, குதிரை வைத்தியரும் அல்ல. குதிரையைச் சரியாக வரைய வேண்டும் என்ற ஆசைதான் இதற்கெல்லாம் காரணம்.

ஓவியன் தோலுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே பழையதாகிவிட்டிருந்தது. 1435இல் இத்தாலியில் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி ஓவியத்தைப் பற்றி எழுதிய நூலில், உருவம் வரைகிறவன் முதலில் எலும்பை அமைக்கட்டும், பிறகு தசையை ஏற்றட்டும், கடைசியில் சதையையும் தோலையும் போர்த்தட்டும் என்று சொல்லிவிட்டார். லியோனார்தோ டா வின்சி பிணங்களை அறுத்து வரைந்தார். மிலானில் மாபெரும் வெண்கலக் குதிரை ஒன்றைச் செய்ய முயன்ற காலத்தில் லாயத்துக் குதிரைகளை அங்குலம் அங்குலமாக அளந்தும் வைத்தார். குதிரையின் உடற்கூறு பற்றி அவர் ஒரு நூலே எழுதியதாகவும், பிரெஞ்சுப் படை மிலானுக்குள் புகுந்தபோது அது தொலைந்ததாகவும் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதுகிறார். எஞ்சிய தாள்களும் அச்சேறாமல் பெட்டிகளில் கிடந்தன. அச்சேறாத அறிவால் அடுத்த தலைமுறைக்குப் பயனில்லை.

மனித உடலுக்கு நிலைமை பரவாயில்லை. 1543இல் உடற்கூற்று அறிஞர் வெசாலியஸின் பெருநூல் வந்தது. தோலுரிந்த மனிதர்கள் இத்தாலியக் குன்றுகளின் நடுவே நிற்கும் அதன் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் படித்தார்கள். 1747இல் லைடன் நகரத்துப் பேராசிரியர் ஆல்பினஸ், யான் வாண்டலார் என்ற ஓவியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைவிடத் துல்லியமான ஒன்றை வெளியிட்டார். அந்த நூலில் ஓர் எலும்புக்கூட்டின் பின்னால் ஒரு காண்டாமிருகம் மேய்ந்துகொண்டிருக்கும். கிளாரா என்று பெயர் வைத்து ஐரோப்பாவெங்கும் ஊர் ஊராகக் காட்டப்பட்ட விலங்கு அது. வங்காளத்திலிருந்து கப்பலில் போனது.

குதிரைக்கு அப்படி ஒரு நூல் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: போலோன்யா நகரத்தின் கார்லோ ருயினி எழுதி 1598இல் வந்தது. நல்ல நூல்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் குதிரையைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு ருயினியைத் திறந்து பார்த்தார்கள். 1683இல் இங்கிலாந்து அரசரின் குதிரை வைத்தியர் ஆண்ட்ரூ ஸ்னேப் வெளியிட்ட நூலின் படங்கள் பெரும்பாலும் ருயினியிடமிருந்து வந்தவையே. நகலுக்கு நகல். ஆங்கிலப் பிரபுக்களோ குதிரைப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. பந்தயக் குதிரைக்கு வம்சாவளி எழுதி வைத்தார்கள், படம் வரைந்து மாட்டினார்கள். ஜான் வூட்டன், ஜேம்ஸ் சீமோர் போன்றவர்கள் வரைந்த அந்தப் படங்களை இன்று பார்த்தால், நிறமும் சேணமும் முதலாளியின் சட்டையும் சரியாக இருக்கும். குதிரை மட்டும் சற்று நீண்டு, கால்கள் உடலில் ஒட்டாமல் நிற்கும். குதிரையை வாங்கிய பிரபுவுக்கு அதன் ஒவ்வொரு தசையும் தெரியும். வரைந்தவருக்குத் தெரியாது.

ஸ்டப்ஸ் 1724இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா தோல் பதனிட்டு விற்பவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு விலங்கின் தோலும் அதன் நாற்றமும் புதிதாக இருந்திருக்காது. ஹார்க்ஸ்டோவில் பதினெட்டு மாதம் அவர் தாக்குப்பிடித்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எட்டு வயதிலேயே, அண்டையில் இருந்த மருத்துவர் ஒருவர் எலும்புகளைக் கொடுத்து வரையச் சொன்னாராம். இதையெல்லாம் பிற்காலத்தில் ஸ்டப்ஸ் சொல்லக் கேட்டு எழுதி வைத்தவர் ஓசயஸ் ஹம்ஃப்ரி என்ற சக ஓவியர். ஸ்டப்ஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளிலிருந்து வருவதே. ஆகவே கொஞ்சம் மிகையும் கலந்திருக்கலாம். செத்த குதிரையை ஒற்றை ஆளாக முதுகில் சுமந்து மாடிப்படி ஏறினார் என்று ஒரு கதை உலவியது. நான் நம்பவில்லை.

இளமையில் ஹாம்லெட் வின்ஸ்டான்லி என்ற ஓவியரிடம் சேர்ந்தார். அங்கே வேலை, ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்த பழைய ஓவியங்களை நகலெடுப்பது. எந்தப் படத்தை எடுப்பது என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. இனி எவருடைய படத்தையும் பார்த்து வரைவதில்லை, இயற்கையை மட்டும் பார்த்து வரைவேன் என்று முடிவு செய்துகொண்டு வெளியேறினார். இருபது வயதுப் பிள்ளைகள் எடுக்கும் இத்தகைய சபதங்கள் ஆறு மாதம் தாங்காது. இவர் எண்பது வயது வரை அதைக் காப்பாற்றினார்.

யார்க் நகரத்துக்குப் போய், முகங்கள் வரைந்து பிழைத்தபடி, ஓர் அறுவை மருத்துவரின் உதவியால் மனித உடலை அறுக்கக் கற்றுக்கொண்டார். கற்றது மட்டுமல்ல, அங்கிருந்த மருத்துவ மாணவர்களுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தேறினார். ஜான் பர்ட்டன் என்ற மருத்துவர் பேறுகாலம் பற்றி எழுதி 1751இல் வந்த நூலுக்குப் படம் வரைந்தவர் இவர். அந்தப் படங்களைத் தகட்டில் கீறவும் தானே கற்றுக்கொள்ள நேர்ந்தது. செப்புக்காசு ஒன்றின் மேல் மெழுகுப் பூச்சிட்டுத் தையல் ஊசியால் கீறிப் பார்த்துத்தான் பழகினார் என்று சொல்லப்படுகிறது. படங்கள் அப்படி ஒன்றும் அழகாக வரவில்லை. அவருக்கே பிடிக்கவில்லை போலும், பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அரைகுறைப் பழக்கம் பல ஆண்டு கழித்து அவரைக் காப்பாற்றப் போகிறது.

1754இல் ரோமுக்குப் போனார். அந்தக் காலத்து ஓவியர்கள் ரோமுக்குப் போனால் பழைய சிலைகளை வரைந்து நோட்டு நோட்டாக நிரப்பிக்கொண்டு திரும்புவார்கள். இவர், கிரேக்கக் கலையோ ரோமானியக் கலையோ எதுவாக இருந்தாலும் இயற்கைதான் அதற்கு மேல் என்று உறுதி செய்துகொள்ளவே போனேன் என்றார். உறுதியானதும் திரும்பிவிட்டார். திரும்பிய சில காலத்தில் ஹார்க்ஸ்டோ.

அங்கே நடந்ததை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் குதிரை தானாகச் செத்ததல்ல. கழுத்து நாளத்தை வெட்டி, இரத்தத்தை வடியவிட்டுக் கொன்றார்கள். அப்படிச் செய்தால்தான் உடல் சிதையாமல் கிடைக்கும், குருதிக்குழாய்களில் மெழுகு போன்ற பொருளைச் செலுத்தி அவற்றை விறைப்பாக வைத்துக்கொள்ளவும் முடியும். இன்று எந்த ஓவிய மாணவனும் இதைச் செய்யக் கூடாது, செய்யவும் விடமாட்டார்கள். அந்தப் படங்களின் அழகைப் பேசும்போது இந்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும். கூட இருந்தவர் ஒருவரே ஒருவர்: வாழ்நாள் முழுவதும் அவரோடு இருந்த மேரி ஸ்பென்சர். ஊருக்கு அருகே இருந்த நெல்தார்ப் குடும்பத்துச் சீமாட்டி ஒருவர் முகம் வரையும் வேலை கொடுத்து ஆதரித்ததால் அடுப்பு எரிந்தது.

ஃபார்மலின் இல்லாத காலம். பனிப்பெட்டி இல்லாத காலம். முதலில் அழுகுவது குடல் என்பதால் வயிற்றிலிருந்து தொடங்கினார். வயிற்றுத் தசைகளை ஐந்து அடுக்காக ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து, உள்ளுறை தெரியும் நிலை வந்ததும் குடலை எடுத்து எறிந்தார். அடுத்து தலை. தோலை உரிப்பார், தசைகளைச் சுத்தம் செய்து ஒழுங்காக எடுத்து வைப்பார், வரைவார், வரைந்ததற்கு விளக்கம் எழுதுவார். இந்த நான்கும் சேர்ந்து ஒரு முழு நாள். மறுநாள் அந்த அடுக்கை எடுத்துவிட்டு அடுத்த அடுக்கு. இப்படியே எலும்பு வரை. ஒரே உடலோடு பல வாரம் வேலை நடந்தது. ஒரு குதிரை பதினொரு வாரம் தாங்கியது என்று குறிப்பு இருக்கிறது. கடைசி வாரங்களில் அந்த அறைக்குள் நிற்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நூலில் உள்ள 18 படங்களின் அமைப்பில் ஸ்டப்ஸின் மூளை தெரிகிறது. பக்கவாட்டுத் தோற்றம், முன்தோற்றம், பின்தோற்றம் என மூன்றே கோணங்கள். ஒவ்வொரு கோணத்திலும் ஆறு நிலைகள்: வெறும் எலும்பு ஒன்று, தசை அடுக்குகள் ஐந்து. குதிரையின் நிலை எல்லாப் படத்திலும் மாறுவதில்லை. ஆகவே ஒரு தசை எந்த எலும்பில் தொடங்கி, எதன் அடியில் ஓடி, எங்கே போய்ப் பற்றுகிறது என்பதைப் பக்கம் புரட்டிப் புரட்டியே பின்தொடரலாம். ஆல்பினஸ் மனிதனுக்குச் செய்ததை இவர் குதிரைக்குச் செய்தார். ஆனால் ஆல்பினஸுக்கு ஓவியர் ஒருவர் வேண்டியிருந்தது. இங்கே கத்தி பிடித்த கையும் பென்சில் பிடித்த கையும் ஒன்று. எதை வெட்டினோம், எதை விட்டோம் என்பது வரைந்தவருக்கே தெரிந்திருந்ததால், படத்தில் மழுப்பல் எங்கும் இல்லை.

இந்த நூலில் ஓவியம் படிப்பவர் முதலில் கற்பது, நாம் இதுவரை குதிரையின் காலைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பதைத்தான். முன்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, எலும்பைப் பார்த்தால், நம்முடைய மணிக்கட்டு. அதற்குக் கீழே நீளமாக இறங்குவது நடுவிரலுக்குரிய உள்ளங்கை எலும்பு. குளம்பு, அந்த நடுவிரலின் நகம். குதிரை நான்கு விரல் நுனிகளில் நிற்கிறது. பின்காலில் பின்னோக்கி மடிந்து துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு நம் கணுக்கால், துருத்தும் முனை குதிகால். உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி, பாதி மறைந்திருக்கிறது. இது தெரியாதவர் வரையும் பின்கால், முழங்கால் எதிர்த்திசையில் உடைந்ததுபோல் இருக்கும். சிறுவர் புத்தகங்களில் இன்றும் பார்க்கலாம்.

இன்னொன்று தோள். நமக்கு இருக்கும் காறை எலும்பு குதிரைக்கு இல்லை. முன்கால் எந்த எலும்பு மூட்டாலும் உடலோடு இணைக்கப்படவில்லை, தசைகள் மட்டுமே பிடித்திருக்கின்றன. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே மார்புக்கூடு தசைத் தொட்டிலில் தொங்குகிறது. குதிரை நடக்கும்போது தோள்பட்டை எலும்பு தோலுக்கு அடியில் முன்னும் பின்னும் வழுக்கிப் போவது அதனால்தான். மணிக்கட்டுக்குக் கீழே தசை என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. மேலே இருக்கும் தசைகள் நீண்ட நாண்களைக் கொண்டு கீழே உள்ளதை இழுக்கின்றன. கனமெல்லாம் மேலே, கீழே கம்பியும் கயிறும். இதைத் தெரிந்துகொண்ட ஓவியர் காலின் கீழ்ப்பகுதியில் வளைவான கோடு போட யோசிப்பார். எலும்பின் விளிம்பையும் நாணின் விளிம்பையும் நேராகவே இழுப்பார்.

படங்கள் முடிந்துவிட்டன. நூலாக வேண்டுமே! 1758 வாக்கில் அவற்றை எடுத்துக்கொண்டு லண்டன் வந்தார். பெயர்பெற்ற செதுக்கோவியர்களிடம் போனார். எலும்பும் நாணும் நரம்பும் பின்னிக் கிடக்கும் இந்தத் தாள்களைத் தகட்டில் ஏற்ற எவரும் முன்வரவில்லை. அப்போதுதான் அந்த யார்க் நகரத்துப் பழைய ஊசி ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். தானே கீற உட்கார்ந்தார். பகலில் வயிற்றுப்பாட்டுக்கு ஓவியம். விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் செப்புத்தகடு. பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்து, அச்செடுத்துப் பார்த்து, திருத்தி. வெட்டி வரைந்தது பதினெட்டு மாதம் என்றால், கீறி அச்சேற்றியது அதைப்போல் பல மடங்கு, 1766 ஆகிவிட்டது. நெதர்லாந்தின் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் பீட்ரஸ் காம்பர் வியந்து பாராட்டினார். குதிரை மருத்துவம் ஒரு துறையாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே அதற்கான படநூல் ஓவியர் ஒருவரிடமிருந்து வந்துவிட்டது.

ஆனால் லண்டன் பிரபுக்கள் நூலுக்காகக் காத்திருக்கவில்லை. அச்சேறாத மூல வரைபடங்களைப் பார்த்தவர்களே வேலை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரிச்மண்ட் பிரபு, ராக்கிங்ஹாம் பிரபு என்று வரிசையாக அழைப்பு. ஸ்டப்ஸின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம்தான். செத்த குதிரையோடு வாழ்ந்தவர் இப்போது லாயங்களிலும் புல்வெளிகளிலும் உயிருள்ள குதிரைகளோடு நாட்களைக் கழித்தார். பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாக நிற்கும் படங்களை வரைந்தார். ஒரு தாய்க்குதிரை எடையை ஒரு பின்காலில் போட்டு மற்றதைத் தளர்த்தி நிற்பது, குட்டி பால் குடிக்கத் தலையைத் திருப்பும் கோணம், இரண்டு குதிரைகள் ஒன்றின் கழுத்தோடு மற்றது கழுத்தை வைத்துக்கொள்ளும் நெருக்கம். இவை எதுவும் ஹார்க்ஸ்டோவின் கொக்கியில் தொங்கவில்லை. செத்த உடலுக்குக் காது அசையாது.

1762 வாக்கில் ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக விசில்ஜாக்கெட் என்ற பொலிகுதிரையை வரைந்தார். ஏறக்குறைய குதிரையின் இயல்பான அளவிலேயே, முன்கால்களைத் தூக்கி எழும்பும் நிலை. பின்னணியில் மரமில்லை, வானமில்லை, தரையில்லை. வெறும் பழுப்பு மஞ்சள். கழுத்தைத் திருப்பும்போது அடியில் எந்தத் தசை இழுபடுகிறது, அதன் மேல் தோல் எப்படிச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்தில் வெளிச்சம் எப்படி உடைகிறது என்று அடுக்கடுக்காகத் தெரியும் படம். குதிரையின் கண்ணிலோ உடற்கூறு கற்றுத்தர முடியாத ஏதோ ஒரு கலவரம். படம் முடியும் தருணத்தில் அந்தக் குதிரையையே அந்தப் பக்கம் நடத்திக்கொண்டுவர, அது தன் படத்தைப் பார்த்து வேறொரு பொலிகுதிரை என்று நினைத்துப் பாய்ந்ததாம். ஸ்டப்ஸ் கையிலிருந்த வண்ணத்தட்டையும் கோலையும் வீசித் தடுத்தாராம். ஹம்ஃப்ரி எழுதியதுதான் இதுவும். 1997இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் இந்தப் படத்தை 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

இந்த இடத்தில் சென்னப்பட்டினத்துக்கும் ஒரு பங்கு வருகிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1755 முதல் 1763 வரை இருந்த ஜார்ஜ் பிகட், ஊர் திரும்பியபோது மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாகச் சிவிங்கிப்புலி ஒன்றையும் அதைப் பராமரிக்க இந்தியப் பணியாளர்களையும் கொண்டுபோனார். 1764 ஜூனில் வின்ட்சர் பூங்காவில், இந்தியாவில் செய்வதுபோல் அதை மான்மீது ஏவிப் பார்த்தார்கள். கலைமான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்றது. புலிதான் பின்வாங்கியது. பிகட்டுக்காக ஸ்டப்ஸ் இதை வரைந்தார். ஆனால் தோல்வியை அல்ல, அதற்கு முந்தைய நொடியை. வெள்ளை உடையணிந்த இரண்டு இந்தியர்களில் ஒருவர் மானைச் சுட்டிக்காட்டுகிறார். மற்றவர் சிவிங்கியின் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி தலையிலிருந்த சிவப்புத் துணியை விலக்குகிறார். ஐரோப்பிய ஓவியர்கள் அதுவரை அதிகம் கண்டிராத விலங்கு அது. ஸ்டப்ஸின் முன்னே உயிரோடு நின்றது. தோள்பட்டை முதுகுக்கு மேலே துருத்துவதும், ஒடுங்கிய இடுப்பும், நீண்ட கால்களும் பிசகவே இல்லை. மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பிகட் மீண்டும் சென்னை ஆளுநராக வந்து, சொந்தச் சபையினராலேயே சிறை வைக்கப்பட்டு 1777இல் காவலிலேயே இறந்தது வேறு கதை.

சிவிங்கியின் பக்கத்தில் கங்காருவை வைத்துப் பார்க்க வேண்டும். கேப்டன் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியா சென்று 1771இல் திரும்பிய ஜோசஃப் பேங்க்ஸ், அங்கிருந்து கொண்டுவந்த கங்காருத் தோல் ஒன்றை ஸ்டப்ஸிடம் கொடுத்து வரையச் சொன்னார். கூடவே, பயணத்தில் சென்று கடலிலேயே இறந்துபோன ஓவியர் சிட்னி பார்க்கின்சன் போட்ட சில பென்சில் கோடுகள். உயிருள்ள விலங்கும் இல்லை, அறுத்துப் பார்க்க உடலும் இல்லை. ஸ்டப்ஸ் தோலைக் காற்றடைத்து உப்ப வைத்து வரைந்தார். 1773இல் காட்சிக்கு வந்த அந்தக் கங்காரு பாறைமேல் உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கும் பெரிய எலியாக இருக்கிறது. உடலில் எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதைப் பார்த்துச் செதுக்கிய படங்கள் அச்சாகி, நெடுங்காலம் ஐரோப்பியர் மனத்தில் கங்காரு என்றால் அதுதான் என்றாகிவிட்டது. ஐரோப்பாவில் விலங்கின் உடலை அவரளவுக்கு அறிந்த ஓவியர் வேறு எவரும் இல்லை. அவர் கையிலும் வெறும் தோல் இவ்வளவுதான் வந்தது.

ஓவிய மாணவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. அனாட்டமி புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டால் உருவம் தானாக வரும் என்பது ஒரு கட்சி. படிப்பு கையை இறுக்கிவிடும், கண்ணால் பார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்பது இன்னொன்று. இரண்டாம் கட்சிக்குக் கங்காரு ஓரளவு பதில். முதல் கட்சிக்குப் பதில் குதிரையிடமே இருக்கிறது: ஓடும் குதிரை. நாலு கால் பாய்ச்சலில் குதிரையின் முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் ஒரே நேரத்தில் நீண்டு காற்றில் மிதப்பதாகவே அன்று எல்லோரும் வரைந்தார்கள். ஸ்டப்ஸும், அபூர்வமாகப் பாயும் குதிரையை வரைந்தபோது, 1791இல் வரைந்த பாரனெட் என்ற பந்தயக் குதிரை உட்பட, அப்படியே வரைந்தார். அது தவறு. 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைப்ரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்களில்தான் தெரிந்தது: நான்கு கால்களும் தரையை விடுவது கால்கள் விரியும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் கூடும்போது. ஒவ்வொரு நாணும் எங்கே பற்றுகிறது என்று அறிந்த மனிதருக்கும் வேகத்தின் முன் கண் போதவில்லை. தான் நம்ப முடியாததை வரையாமல் இருக்கத்தானோ என்னவோ, அவர் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை நிற்கின்றன அல்லது நடக்கின்றன.

எழுபதைத் தாண்டிய பிறகு, 1795இல், மறுபடியும் கத்தியை எடுத்தார். மனிதன், புலி, கோழி மூன்றையும் அடுக்கடுக்காகத் திறந்து ஒப்பிட்டு ஒரு நூல். ஒரு மிருகக்காட்சி முதலாளியிடம் புலி செத்துக் கிடக்கிறது என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வர, உடனே ஓடி மூன்று கினி கொடுத்து உடலை வாங்கியதாகச் சொல்வார்கள். மனித எலும்புக்கூட்டைக் கை ஊன்றித் தவழும் நிலையில் வைத்து வரைந்தார், விலங்கோடு எலும்புக்கு எலும்பு பொருத்திப் பார்க்க. திட்டமிட்டது முப்பது படங்கள், பாதிதான் வெளிவந்தது. 1806 ஜூலையில், 81ஆம் வயதில் இறந்தார். அந்த வரைபடங்கள் போன இடம் தெரியாமல் இருந்து, 1957இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரப் பொது நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளன.

குதிரை வரைபடங்களுக்கு வேறு வழி கிடைத்தது. ஸ்டப்ஸை 1781இல் ராயல் அகாதெமி முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. விதிப்படி ஓர் ஓவியத்தை அகாதெமிக்குக் கொடுக்க வேண்டும், அவர் கொடுக்கவில்லை, தேர்வு செல்லாமல் போயிற்று. ஹார்க்ஸ்டோவில் வரைந்த தாள்களோ கைமாறி, விலங்கோவியர் லாண்ட்சீர் குடும்பத்துக்குப் போய், அவர்கள் விட்டுச்சென்ற சொத்தாக அதே அகாதெமிக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் 42 தாள்கள் அங்கே இருக்கின்றன.

அவற்றைப் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும். வரையப் பழகுகிறவர்கள் எலும்புத் தாள்கள் மூன்றிலிருந்து தொடங்குங்கள். தசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டு எது, குதிகால் எது என்று கேட்டால் பார்க்காமல் காட்டும் அளவுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். மெரினாவில் மாலை நேரத்தில் சவாரிக் குதிரைகள் நிற்கும். குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து வரையுங்கள். முன்பக்கம் போயும் வரையுங்கள். பின்தோற்றத்தை மட்டும் கொஞ்சம் எட்ட நின்றே வரையுங்கள்.